கர்ண மோட்சத்தின் முதல் நாற்பது நிமிடங்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஆறடிக்கு எட்டடியில் ஒரு செல்போன் கடை இருந்தது. ரீசார்ஜ் கூப்பன், ஜெராக்ஸ், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது, இவைதான் வியாபாரம். கடை, அங்கே பழுது பார்த்த மேஜைக்காரரின் அக்கா வீட்டுக்காரருடையது. பகலில் சிப்காட் வளாகத்தில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த மேஜைக்காரர், ஷிப்ட் முடிந்ததும் குளித்துவிட்டு வந்து கடையின் பின்பக்க மேஜையில் உட்காருவார். பாடாத எம்பி3 பிளேயர், திறக்காத பென்டிரைவ், படம் காட்டாத கார்டு எல்லாம் அந்த மேஜைக்குத்தான் வரும்.

2009 வைகாசியில் ஒரு மாலை, பக்கத்து மில்லில் ஃபர்னஸ் ஹெல்பராக வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து ஒரு பிளேயரை நீட்டினார். பென்டிரைவ் கனத்தில், ஒற்றை டிரிபிள்-ஏ செல் போடும், நீலத் திரை கொண்ட 1 ஜிபி பிளேயர். பர்மா பஜாரில் வாங்கியது.

"பாட மாட்டேங்குது தம்பி. அமுக்கினா அப்படியே நின்னுபோவுது."

மேஜைக்காரர் கணினியில் செருகிப் பார்த்தார். அறுபது பாட்டு வரிசையாக இருந்தது. கடைசியில் பதிவுக் கோப்பு ஒன்று, அளவு 0 பைட். பிளேயர் அதில்தான் தடுக்கி நிற்கிறது என்று புரிந்தது. அதை அழித்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கடைக் கணினியிலிருந்து இரண்டு இளையராஜா பாட்டுகளை ஏற்றினார். புது செல் போட்டு ஓடவிட்டார். சுத்தமாகப் பாடியது. ஐந்து நிமிட வேலை.

பெரியவர் இயர்போனைக் காதில் வைத்து, பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அது சரி தம்பி, கூத்து எங்க?"

அந்தக் கேள்வியை மேஜைக்காரர் இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்.

ஊத்துக்கோட்டை பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளமும் தீமிதியும். பெரியவர் கடைக்கு வந்ததற்கு முந்தைய இரவு கர்ண மோட்சம். கட்டியங்காரன் வேஷம் கட்டியவர் பெரியவரின் மச்சான். முப்பது வருஷமாக ஆடுகிற அந்த மனிதர் தன் குரலைத் தானே ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவரைக் கேட்க வைக்க வேண்டும் என்பதற்காகவே பெரியவர் இரண்டு நாள் லீவு போட்டு, பந்தல் காலோரம் உட்கார்ந்து, இரவு பத்து மணிக்கு பிளேயரின் பதிவுப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். விடியற்காலை ஐந்து மணி வாக்கில் திரை அணைந்துபோனது. செல் தீர்ந்துவிட்டது. ஏழு மணி நேரக் கூத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

கூத்து ஒன்றும் பதிவே ஆகாத கலை இல்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரானும் ந. முத்துசாமியும் அதைச் சென்னை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர்கள் ஒலிநாடாவில் பிடித்தார்கள். ஆனால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், மாதர்பாக்கம் பக்கம் ஆடும் சின்ன ஜமாக்களைத் தேடி எந்த மைக்கும் போனதில்லை. கட்டியங்காரன் சொல்லும் பேச்சு எந்த ஏட்டிலும் கிடையாது. அன்றைக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து அந்தக் கணத்தில் கட்டுவது அது.

அந்தக் காலத்தில் கும்மிடிப்பூண்டியில் இந்தப் பிளேயர் இல்லாத சட்டைப்பை குறைவு. மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் ஏறி, கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வரும் மின்ரயிலில் ஆளுக்கொரு இயர்போன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மில் வேலைக்கு வந்த பையன்கள் ஊர்ப் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவார்கள். அவர்களுடைய கோப்புப் பெயர்கள் மலிவு பிளேயரின் திரையில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். எழுத்துரு இல்லை என்பதுதான் காரணம், பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தச் சாதனத்தின் வம்சம் நீளமானதும் இல்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் உருவான ஒலிச்சுருக்க முறையின் கோப்புகளுக்கு ".எம்பி3" என்ற வால் 1995 ஜூலை 14 அன்று முடிவானது. 1998-இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்த நினைவகம் 32 எம்பி. பாட்டு எட்டு ஏறினால் அதிகம். பத்தே வருஷத்தில், சீனாவின் ஜூஹாய் நகரத்து ஆக்‌ஷன்ஸ் நிறுவனம் போன்றவர்களின் மலிவு சிப்புகளால், 1 ஜிபி பிளேயர் ஹெல்பர் சம்பளத்தில் வாங்கும் பொருளாகிவிட்டது. உள்ளே இருப்பது பிளாஷ் நினைவகம். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அறிவித்த கண்டுபிடிப்பு அது. பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழிப்பது கேமரா பிளாஷ் அடிப்பதுபோல் இருக்கிறது என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைக்கு வரும் பழுதுகளில் முக்கால்வாசி பழுதே இல்லை. பிரவுசிங் சென்டர் வைரஸ் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் குட்டி நிரல்களை வைத்துவிடும். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் மறைந்ததெல்லாம் திரும்பி வரும். இந்த வியாதி பெரிய இடத்தையும் விட்டுவைக்கவில்லை. 2006 அக்டோபரில், தான் விற்ற வீடியோ ஐபாடுகளில் ஒரு சிறு பகுதி விண்டோஸ் வைரஸோடு போய்விட்டதாக ஆப்பிளே அறிவித்தது. இன்னொரு வகை, போலிக் கொள்ளளவு. மேலே 8 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், கணினியும் 8 ஜிபி என்றே காட்டும், ஆனால் உள்ளே இருப்பது 1 ஜிபி சிப். கன்ட்ரோலருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். கொள்ளளவு தாண்டியதும் புதுப் பாட்டு பழைய பாட்டின் தலையில் ஏறி உட்காரும். அப்படிப்பட்ட பிளேயரை எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் புண்ணியம் இல்லை.

மில்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஃபர்னஸ் சூட்டையே குற்றம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பிளாஷில் ஒவ்வொரு பிட்டும் ஆக்ஸைடு சுவருக்குள் அடைபட்ட எலக்ட்ரான் மின்னூட்டம். சூடு ஏற ஏற அது வேகமாகக் கசியும். ஆனால் மனிதர் தாங்கும் சூட்டில் சட்டைப்பைக்குள் இருந்த பிளேயர் அதனால் ஒரே வாரத்தில் கெட்டு மேஜைக்காரர் பார்த்ததில்லை. அவர் பார்த்தது பெரும்பாலும் செல் மாட்டும் இடத்து ஸ்பிரிங். மெஷின் அதிர்விலும் சைக்கிள் குலுக்கலிலும் அது தளர்ந்து, எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் மின்சாரம் விட்டுப்போகும். அந்த ஒரு கணம் போதும்.

ஏன் போதும் என்பதற்கு அவர் வாடிக்கையாளர்களிடம் கிராமத்து அடங்கலைத்தான் உதாரணம் சொல்வார். பிளேயரின் நினைவகம் சின்னச் சின்ன வயல்களாகப் பிரிந்திருக்கிறது. அந்த 1 ஜிபி பிளேயரில் ஒவ்வொரு வயலும் 16 கேபி. எந்தப் பாட்டு எந்த வயலில் தொடங்கி எந்த வயலுக்குப் போகிறது என்பதை ஃபேட் என்ற பதிவேடு வைத்திருக்கிறது. பதிவேட்டில் இரண்டு பிரதிகள்கூட உண்டு. பாட்டை ஒலிப்பதிவு செய்யும்போது பிளேயர் முதலில் வயலில் விதைத்துக்கொண்டே போகும். பதிவை நிறுத்தும்போதுதான் கணக்கை எழுதி, கோப்பின் நீளத்தைக் குறித்து, மூடும். மூடுவதற்குள் செல் தீர்ந்தால், நூறு காணியில் பயிர் நின்றுகொண்டிருக்க அடங்கலில் எல்லாம் தரிசு என்று இருக்கும். பூஜ்யம் பைட் என்று கணினி காட்டியதற்கு அர்த்தம் அதுதான்.

தரிசு என்று எழுதியிருப்பதை நம்பி, முதல் வயலிலேயே ஏரை இறக்கியது அவர் ஏற்றிய இரண்டு பாட்டு.

அன்றிரவு ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தப் பிளேயர் குரலைப் பதிவது விநாடிக்கு 32 கிலோபிட் வீதத்தில். ஒரு மணி நேரத்துக்கு 14.4 எம்பி; ஏழு மணி நேரத்துக்கு நூறு எம்பி. அவர் ஏற்றிய சினிமாப் பாட்டு 128 கிலோபிட், நான்கு மடங்கு. ஆகவே ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று இருபது நிமிடக் கூத்தைத் தின்னும். இரண்டு பாட்டு, நாற்பது நிமிடம். அதுவும் நடுவிலிருந்து இல்லை, ஆரம்பத்திலிருந்து. களரி கட்டுவதும் விநாயகர் விருத்தமும் கட்டியங்காரன் வரவும் இருக்கும் நாற்பது நிமிடம்.

அதற்கு முன்பே பெரியவரிடம் பிளேயரை வாங்கி, செல்லைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளில் மடித்து வைத்தார். "இத இனிமே யாரும் தொடக்கூடாது அண்ணே. மூணு நாள் குடுங்க" என்றார். தான் செய்ததையும் மறைக்காமல் சொன்னார். பெரியவர் திட்டவில்லை. "பார்த்து செய்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நைட் ஷிப்டுக்குப் போனார்.

அப்போது உபுண்டு லினக்ஸ் சிடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவரிடமும் ஒன்று வந்திருந்தது. அந்தச் சிடியில் கணினியைத் திறந்து, டிடி என்ற கட்டளையால் பிளேயரின் நினைவகம் முழுவதையும், தரிசு நிலத்தையும் சேர்த்து, ஒரே கோப்பாகப் பிரதி எடுக்க ஆரம்பித்தார். பாதியில் கரண்ட் போனது. 2008-இலிருந்து அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்தது. பாட்டு ஏற்றும்போது கரண்ட் போய்க் கெட்ட கார்டுகளும் மேஜைக்கு நிறைய வந்தன. ஆனால் பிரதி எடுப்பது வெறுமனே படிக்கிற வேலை. கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிளேயருக்குள் ஒரு பைட்டும் அசையவில்லை.

அடுத்த நாள் அந்தப் பிரதியின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டினார். பிரான்ஸ் நாட்டவரான கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாகக் கொடுத்தது. பதிவேட்டை நம்பாமல், நிலத்தையே வரிவரியாக நடந்து பார்த்து, இது படத்தின் தலை, இது பாட்டின் தலை என்று கண்டுபிடிக்கும். எப்போதோ அழித்த பாட்டுகளெல்லாம் கிடைத்தன. கூத்து கிடைக்கவில்லை. காரணம் அவருக்கே தெரிந்தது. கூத்துக் கோப்பின் தலை இருந்த இடத்தில்தான் இளையராஜா உட்கார்ந்திருந்தார். தலை இல்லாத உடலை நிரலுக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் இரவு முழுக்க ஹெக்ஸ் எடிட்டரில் கழிந்தது. திரையில் வரிக்குப் பதினாறாக எண்கள் ஓடும். அர்த்தம் ஏதும் முகத்தில் எழுதியிருக்காது. எம்பி3 பகுதியை அடையாளம் காண்பது எளிது. ஏறக்குறைய 417 பைட்டுக்கு ஒருமுறை அதே தொடக்கக் குறி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டும் 26 மில்லிவிநாடிப் பாட்டு. அதனால்தான் கீறல் விழுந்த எம்பி3 ஒரு விக்கல் விக்கிவிட்டு மேலே பாடிவிடுகிறது. கூத்துப் பதிவின் அடையாளம் என்ன? பெரியவரின் பிளேயரில் இன்னொரு பதிவு எடுத்துப் பார்க்க முடியாது, அது இன்னும் கொஞ்சம் கூத்தைத் தின்னும். கடை ஷோகேஸில் அதே மாடல் ஒன்று இருந்தது. அதில் தெருச் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்து, அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார். 512 பைட்டுக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் நான்கு பைட். மூன்றாவது ஒருபோதும் 88-ஐத் தாண்டவில்லை. நான்காவது எப்போதும் சுழி. ஏடிபிசிஎம் என்கிற அந்தப் பதிவு முறையின் இலக்கணமே அது என்பதை அவர் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டார். அன்றைக்குக் கண்ணுக்குப் பட்டது முப்பத்திரண்டு வரிக்கு ஒரு சுழி.

பெரியவரின் பிரதியைத் திறந்து, இரண்டு பாட்டும் முடிகிற இடத்துக்குப் போனார். முப்பத்திரண்டு வரிக்கு ஒரு சுழி. கீழே போனார். மறுபடி சுழி. கீழே, இன்னும் கீழே, தொண்ணூறு எம்பி தூரத்துக்கு அந்தச் சுழிகள் கோலப்புள்ளி போல வரிசை தப்பாமல் இறங்கிப் போயின. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, தெருச் சத்தப் பதிவின் தலையை அதன் மேல் ஒட்டி, நீளத்தைச் சொல்லும் எண்ணை மாற்றிச் சேமித்தார். இந்த முறையில் இன்னொரு நன்மை உண்டு. ஒவ்வொரு கட்டமும் தன் தொடக்க ஒலியளவைத் தானே சுமக்கிறது. ஆகவே முன்னால் இருப்பது போனாலும் அடுத்த கட்டத்திலிருந்து பாடலாம்.

ஸ்பீக்கரில் முதலில் வந்தது முகவீணை. அதன் பின்னால் மிருதங்கம், தாளம், யாரோ ஒரு குழந்தை அழும் சத்தம். அதிகாலை மூன்று மணி இருக்கும். அக்கா வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து எழுந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார். பொன்னுருவி கர்ணனை மறிக்கும் கட்டம் வந்தபோது இருவருமே பேசவில்லை.

ஒரு சந்தேகத்தில், இரண்டு பாட்டு உட்கார்ந்திருந்த பகுதியையும் சேர்த்து வெட்டி, அதே தலையை வைத்து ஓட்டிப் பார்த்தார். நாற்பது நிமிடத்துக்குக் காது கிழியும் இரைச்சல், பிறகு சட்டென்று கூத்து. ஓர் இலக்கணத்தில் எழுதியதை இன்னோர் இலக்கணத்தில் வாசித்தால் பாட்டும் இரைச்சல்தான். அந்த இரைச்சலில் ஓர் ஓரத்திலாவது கட்டியங்காரன் எட்டிப் பார்ப்பாரா என்று நாற்பது நிமிடத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

மிச்சமான ஆறு மணி இருபது நிமிடத்தைச் சிடியில் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மச்சானையே கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், பகலில் கொத்து வேலை. கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்து கேட்டார். துரியோதனனை இடைமறித்து அவர் சொன்ன ஒரு பேச்சுக்குக் கூட்டம் சிரிக்கும் சத்தம் வந்தபோது அவரும் சிரித்தார். "இப்படியா கத்தறேன் நானு" என்று வியந்தார். ரொம்ப நேரம் கேட்டுவிட்டுக் கேட்டார்: "என் வரவு எங்க?"

பெரியவர் தரையைப் பார்த்தார். மேஜைக்காரர்தான் சொன்னார், நாற்பது நிமிடம் போய்விட்டது, போக்கியது நான்தான் என்று. கட்டியங்காரனுக்கு மற்ற காட்சிகளில் இருப்பது பக்கப்பேச்சு. களரி முழுக்க அவருக்கே சொந்தமாக இருப்பது அந்த வரவு மட்டும்தான். அதில் அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோது அந்த மனிதர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "சொன்னது சொன்னதுதான், அது யாருக்கு ஞாபகம் இருக்குது?"

சில வருஷம் கழித்து பிளாஷ் கன்ட்ரோலர் வேலை செய்யும் விதத்தைப் படித்தபோது மேஜைக்காரருக்கு இன்னொன்று தெரிந்தது. அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் நினைத்தார். பிளாஷில் எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் அந்தப் பக்கம் சேர்ந்த முழுக் கட்டத்தையும் அழிக்க வேண்டும். அதனால் கன்ட்ரோலர் புது எழுத்தை வேறு ஓர் இடத்தில் எழுதிவிட்டு, இதுதான் அது என்று தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். பழையது சில சமயம் உடனே அழியும். சில சமயம் முறை வரும்வரை சிப்புக்குள் அப்படியே கிடக்கும். கணினியின் கேபிள் வழியாக அதைத் தொட முடியாது. நாற்பத்தெட்டு கால் கொண்ட சிப்பைப் பலகையிலிருந்து கழற்றி, நேராகப் படிக்கும் கருவி வேண்டும். அந்தக் கட்டியங்காரன் வரவு, அவர் கோப்புக்குத் தலை ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரவுகளில், மேஜை மேல் வெள்ளைத் தாளுக்குள் முழுசாக இருந்திருக்கலாம். படித்தபோது அந்தப் பிளேயரே இல்லை.

அந்த வைகாசிக்குப் பிறகு மேஜைக்கு வரும் எதையும் அவர் செருகுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: இதில் உங்கள் குரலோ வீட்டார் குரலோ, நீங்களே எடுத்த படமோ ஏதாவது இருக்கிறதா? பாட்டு போனால் வேறு பாட்டு ஏற்றலாம். பெரும்பாலோர் இல்லை என்பார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்பார்கள். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த ஓர் அக்கா, யோசிக்கவே இல்லை. அப்படி வருபவை எல்லாம் முதலில் பிரதிக்குப் போகும். ஃபார்மட் என்ற சொல்லைக் கடையில் வேறு யாரும் உச்சரிக்கக்கூடாது என்று அக்கா வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

2010 வைகாசியில் அதே ஊரில் மறுபடி கூத்து. இந்த முறை அவரும் போனார். ஷோகேஸில் இருந்த பிளேயரை எடுத்துக்கொண்டு, நான்கு புது செல், பந்தலுக்கு முன்னால் பெரியவர் பிடித்து வைத்த இடம். அரை மணிக்கு ஒருமுறை பதிவை நிறுத்துவது, திரையில் சேமிக்கும் குறி போகும்வரை காத்திருப்பது, மறுபடி அமுக்குவது. இடையில் பத்து விநாடி போகும். போகட்டும் என்று முடிவெடுத்திருந்தார். விடிந்தபோது பதினாறு கோப்புகள் இருந்தன, எதன் அளவும் பூஜ்யம் இல்லை.

இரண்டாவது கோப்பில் கட்டியங்காரன் வரவு இருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்தே குரல் வருகிறது, சலங்கை வருகிறது, பிறகு ஆள். நாட்டு நடப்பு, மழை, மில்லில் சம்பளம் போடாதது என்று சுற்றிவிட்டு, சட்டென்று நிறுத்தி, முன்வரிசையைப் பார்த்துச் சொல்கிறார்: "மகாராஜா, சபையில ஒருத்தரு உக்காந்துகினு அரை மணிக்கு ஒருதரம் டப்பாவைத் தட்டிப் பாக்கறாரு. போன வருசம் என்னை முழுங்குன டப்பா அது. இந்த வருசமாவது துப்புமான்னு கேட்டுச் சொல்லுங்க."

கூட்டம் சிரிக்கிறது. மைக்குக்கு மிக அருகில், மற்ற எல்லாச் சிரிப்பையும் விடப் பெரிதாக, பெரியவர் சிரிப்பது கேட்கிறது.